கொம்பிரா சானுக்கு அம்மாவைக் கூட்டிப்போகலாமா? 785 படியாம்!

முத்துநகரான்

வணக்கம். ஒகயாமாவில் வேலை பார்க்கிறேன், வந்து இரண்டு வருடம் ஆகிறது. நவம்பரில் அம்மா தூத்துக்குடியிலிருந்து வருகிறார், ஒரு மாதம் இருப்பார். வயது 64. தம்பி இந்த மாதம்தான் முதல் தடவையாகக் கப்பல் ஏறுகிறான், ஜூனியர் எஞ்சினியர். என்னோடு வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அப்படியானால் கொம்பிரா சானுக்குப் போய்விட்டு வா, கடலுக்குப் போகிறவர்களின் சாமி அது" என்றார். அதை அம்மாவிடம் சொன்னது என் தப்பு. கியோத்தோ, ஹிரோஷிமா எல்லாம் அப்புறம், முதலில் அங்கே கூட்டிப்போ என்று உட்கார்ந்துவிட்டார்.

ஷிகோகு தீவில் கோதோஹிரா என்ற ஊர், மலைமேல் கோயில், இதுவரை தெரியும். பெரிய கோயிலுக்கு 785 படி என்று படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. அம்மாவுக்கு இடது முழங்கால் அவ்வளவு சரியில்லை. ஏறமுடியுமா? தம்பி வராமல் நாங்கள் அவனுக்காகத் தாயத்து வாங்கினால் அது செல்லுமா? (இது அம்மா கேட்கச் சொன்ன கேள்வி.) வேற்று மதத்துக்காரர்களை உள்ளே விடுவார்களா? போனவர்கள் சொல்லுங்கள்.

தகமத்சு தங்கம்

தம்பி, தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஒகயாமாவிலிருந்து நன்பூ எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டி மாறாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் கோதோஹிரா. நடுவில் செதோ பெரும்பாலத்தின் மேல் ரயில் போகும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்காரவையுங்கள், கீழே முழுக்கக் கடலும் குட்டித் தீவுகளும். 1988இல் அந்தப் பாலம் திறக்கும்வரை எல்லோரும் படகில்தான் வந்தார்கள்.

படி விஷயத்துக்கு வருகிறேன். 785 என்பது ஒரே மூச்சில் நிமிர்ந்து நிற்கும் படிக்கட்டு இல்லை. முதல் பாதியில் இரண்டு பக்கமும் கடைகள், அதனால் நின்று நின்று போகலாம். கடைகளில் மூங்கில் கம்பு இரவல் தருவார்கள். திரும்பும்போது அந்தக் கடையில் ஏதாவது ஒன்று வாங்கிவிடுங்கள், அதுதான் மரியாதை. 365ஆவது படியில் பெரிய வாயில். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரம் சமதளம், செர்ரி மரங்களும் கல்விளக்குகளுமாக வரிசை. மறுபடி ஏற்றம். 628இல் அசாஹி நோ யாஷிரோ என்ற மண்டபம். கடைசியில் 133 படி இருக்கிறது, அங்கேதான் முட்டி நம்மோடு பேசும். அதற்கும் மேலே உள்கோயில் உண்டு, 1,368ஆவது படியில். அதை மறந்துவிடுங்கள்.

படியே வேண்டாமென்றால், 500ஆவது படியில் ஒரு காபிக் கடை இருக்கிறது. அதுவரை காரில் கொண்டுபோய்விட அனுமதி பெற்ற உள்ளூர் டாக்சிகள் உண்டு. ஸ்டேஷனில் இறங்கியதும் கேளுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. உண்மையில் ஏறுவது 786 படி. ஜப்பானிய மொழியில் 7-8-6 என்பதை ‘நயாமு’ என்றும் வாசிக்கலாம், கவலைப்படுவது என்று பொருள். அதனால் வழியில் ஒரே ஒரு படி கீழே இறங்குகிற மாதிரி வைத்து, கணக்கை 785 ஆக்கிவிட்டார்கள். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது போனேன், எனக்கு 71 வயது. பல்லக்கு இருக்கும் என்று ஒரு பழைய பயணக் கட்டுரையை நம்பிப் போனேன். இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய வாயில்வரை கொண்டுபோவார்களாம். தூக்குகிறவர்களுக்கும் வயதாகிவிட்டது, 2020 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். என்னைத் தூக்கியிருந்தால் அவர்கள் பாடு இன்னும் மோசமாகியிருக்கும், விடுங்கள். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

பெரிய வாயிலைத் தாண்டியதும் ஐந்து பெரிய வெள்ளைக் குடைகள். கீழே ஐந்து பேர் மிட்டாய் விற்கிறார்கள். வாயிலுக்கு உள்ளே கடை போடும் உரிமை அந்த ஐந்து குடும்பங்களுக்கு மட்டும்தான். முன்னோர்கள் கோயிலுக்குச் செய்த ஊழியத்துக்காகக் கிடைத்தது, தலைமுறை தலைமுறையாக வருகிறது. நம் ஊர்க் கோயில் மானியம் மாதிரிதான். விசிறி வடிவத்தில் மஞ்சள் மிட்டாய், யுசு எலுமிச்சை வாசம். உடைத்துத் தின்ன ஒரு பொடிச் சுத்தியலும் தருகிறார்கள். பேத்தி மிட்டாயை விட்டுவிட்டுச் சுத்தியலை வைத்துக்கொண்டாள்.

வேற்று மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கைகால் கழுவுவதுபோல வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், கையையும் வாயையும் கழுவிக்கொள்ளுங்கள். சந்நிதியில் காசு போட்டு, இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியில் ஒரு தடவை குனிய வேண்டும். அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி

உங்கள் அம்மாவின் கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. இன்னொருவருக்காகப் போனால் செல்லுமா? கொம்பிரா சானின் வரலாற்றில் பாதி அதுதான் ஐயா.

‘எதோ’ காலம் என்று சொல்லும் 1603–1868 ஷோகன் ஆட்சிக் காலத்தில் சாதாரண மக்கள் நினைத்தபோது ஊரைவிட்டுக் கிளம்பமுடியாது. கோயில் யாத்திரை என்றால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். ஜப்பானின் தலையாய கோயிலான இசேவுக்கு அடுத்தபடி மக்கள் அதிகம் ஆசைப்பட்டது கொம்பிரா யாத்திரைக்குத்தான். ஒசாகாவில் படகு ஏறி மருகமே துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நடை. வயதானவர், நோயாளி, காசில்லாதவர் என்ன செய்வார்கள்? தெரிந்தவர்களை அனுப்புவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் நாயை அனுப்புவார்கள்.

விளையாட்டில்லை. நாயின் கழுத்தில் ‘கொம்பிரா யாத்திரை’ என்று எழுதிய பை, அதற்குள் எஜமானர் பெயர் எழுதிய பலகை, காணிக்கைப் பணம், வழியில் சாப்பாட்டுக்குக் காசு. வழிப்போக்கர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதைக் கூட்டிப்போய் கோயிலில் சேர்த்துவிடுவார்கள். ‘கொம்பிரா இனு’ என்று பெயர், இனு என்றால் நாய். வழியில் அதற்குச் சிலை உண்டு, அம்மாவுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று மாலுமிகளுடையது. கப்பல் அந்தக் கடல்வழியே போகிறது, கரை இறங்க நேரமில்லை. ஒரு மரப் பீப்பாயில் காணிக்கையோ சாகே மதுவோ வைத்து, கோயில் பெயர் எழுதிய கொடியைக் குத்தி, கடலில் விட்டுவிடுவார்கள். அலை எங்கே தள்ளுகிறதோ தள்ளட்டும். கண்ணில் படுகிற மீனவரோ படகுக்காரரோ எடுத்துக் கோயிலில் சேர்க்க வேண்டும். சேர்ப்பவருக்கும் புண்ணியத்தில் பங்கு. ‘நகாஷி தாரு’, மிதக்கவிட்ட பீப்பாய் என்று அர்த்தம். ஜப்பானியக் கடற்படைக் கப்பல்கள் இன்றைக்கும் இதைச் செய்வதுண்டு.

நாயும் பீப்பாயும் போய்ச் செல்லுபடியான இடத்தில் பெற்ற தாய் போனால் செல்லாதா? அம்மாவிடம் சொல்லுங்கள்.

முத்துநகரான்

நாய்க் கதையை அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்த நாய்க்கு வழியில் யார் தண்ணி வைத்தார்களோ" என்றார்.

மதம் பற்றிக் கேட்டது எனக்காகத்தான், அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. திருச்செந்தூரும் போவார், ஆகஸ்டில் பனிமய மாதா தேர் பார்க்கவும் போவார்.

கப்பல்காரன்

செகண்ட் ஆபீசர், 14 வருட சர்வீஸ். ஜப்பானில் கட்டிய கப்பல்களில் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், ஒரு மூலையில் சின்ன மர மாடம் இருக்கும், உள்ளே கோதோஹிரா கோயில் காப்புச் சீட்டு. முதல் கப்பலில் அதை ஏதோ ஃபியூஸ் பெட்டி என்று நினைத்துத் திறக்கப் போனேன். கேப்டன் கையில் தட்டினார். ஆள் மாறி, கொடி மாறி, கப்பல் நாலு தடவை விற்கப்பட்டாலும் அந்த மாடத்தை மட்டும் யாரும் கழற்றுவதில்லை.

மருகமேயில் கப்பல் கட்டும் யார்டில் ஒரு புதுக் கப்பலை டெலிவரி எடுக்கப் போனபோது ஒரு நாள் லீவு கிடைத்தது, மலை ஏறினேன். வழியில் கோயில் குதிரை லாயத்தின் பக்கம் ஒரு கப்பல் புரொப்பல்லர் நிற்கிறது. சுமார் 6 மீட்டர் விட்டம். கப்பல் கட்டுகிறவர்கள் காணிக்கையாகக் கொடுத்தது. உங்கள் தம்பி எஞ்சின் ரூம்காரன்தானே, அதன் முன்னால் அம்மாவை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மேலே எமா மண்டபம் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். கூரை வரை கப்பல் படங்கள். பழைய பாய்மரம், மீன்பிடிப் படகு, டேங்கர், கார் கேரியர், எல்லாம் உரிமையாளர்களும் மாலுமிகளும் நேர்ந்து மாட்டியவை. 1996இல் ஹொரியே கெனிச்சி தனியாளாகப் பசிபிக்கைக் கடந்த சூரியசக்திப் படகு அங்கேதான் நிற்கிறது, பழைய அலுமினிய பீர் டப்பாக்களை உருக்கிச் செய்தது. 1990இல் விண்வெளிக்குப் போன முதல் ஜப்பானியர் அகியாமா தொயோஹிரோவின் நேர்ச்சைப் படமும் இருக்கிறது. கடலாவது வானமாவது, கிளம்பிப் போகிறவன் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதானே.

ஆதித்தமிழன்77

யாரும் முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லை. கொம்பிரா என்பது கும்பீரா. கோயில் இருக்கும் மலையின் பெயர் ‘சோசு சான்’, அதாவது யானைத்தலை மலை. யானைத்தலை யார்? நம் பிள்ளையார்! தமிழ் வணிகர்கள் கப்பலில் கொண்டுபோன சாமிதான் இது. நம்மிடமிருந்து போனதை நாமே போய்ப் பார்த்து வாய் பிளக்கிறோம்.

ஏட்டுச்சுவடி

@ஆதித்தமிழன்77 பாதி சரி, பாதி அவசரம்.

கும்பீரா சரி. சமஸ்கிருதத்தில் முதலை. தமிழ் அகராதியிலும் கும்பீரம் என்றால் முதலைதான். கங்கை முதலை பௌத்தத்தில் தர்மத்தைக் காக்கும் தேவதையாகி, மருத்துவ புத்தரின் பன்னிரண்டு காவல் தளபதிகளில் ஒருவராகி, சீன மொழிபெயர்ப்புச் சூத்திரங்கள் வழியாக ஜப்பானுக்குப் போனது. கொண்டுபோனது ஏடும் துறவிகளும். தமிழ் வணிகர் கப்பலுக்கு இதில் வேலையில்லை.

யானைத்தலை மலையும் பிள்ளையார் இல்லை. கயாவுக்குப் பக்கத்தில் புத்தர் உபதேசம் செய்த கயாசீர்ஷ மலையைச் சீனத்தில் யானைத்தலை மலை என்றுதான் பெயர்த்தார்கள், அந்தப் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது. மலையும் தூரத்திலிருந்து படுத்த யானையின் தலை மாதிரித்தான் தெரிகிறது. மாலுமிகளுக்கு அது அடையாள மலை.

இன்னும் சுவாரசியமான ஒன்று. இன்றைக்கு அங்கே இருப்பது கும்பீரனே இல்லை. 1868வரை ஜப்பானின் பூர்வ மதமான ஷிந்தோவின் சாமியும் பௌத்த தேவதையும் கலந்த ‘கொம்பிரா தாய்கொங்கென்’ ஆக இருந்தார், நிர்வாகம் பௌத்தத் துறவிகள் கையில். அந்த வருடம் புதிதாக வந்த மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. கோயில் முழு ஷிந்தோவாகி, மூலவர் ஓமோனோநுஷி ஆனார். புராணத்தில் கடலின் மேல் ஒளி வீசிக்கொண்டு வந்த சாமி அவர், அதனால் பொருத்தம் என்று வையுங்கள். கூடவே சுதோகு பேரரசர். 1156 ஆட்சிச் சண்டையில் தோற்று இந்தப் பகுதிக்கு நாடுகடத்தப்பட்டு, 1164இல் இங்கேயே இறந்தவர். மாலுமிகளோ யார் பெயரை மாற்றினாலும் கொம்பிரா சான் என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். தங்கம் அக்கா சொன்ன 628ஆவது படி மண்டபம்கூட முன்பு மருத்துவ புத்தரின் பொன்மண்டபம்தான். 1837இல் முடிந்தது. அதன் செதுக்கு வேலையைப் பார்த்து இதுதான் மூலக் கோயில் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போன ஆட்கள் உண்டு.

ஆதித்தமிழன்77

முதலை வரைக்கும் ஒத்துக்கொண்டீர்களே, அது போதும்.

ஹேங்கர் கண்ணன்

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். தம்பி கப்பல் ஏறுவதற்கு முன்னால் விமானம் ஏறித்தானே போகவேண்டும்? அதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்.

நினோமியா சூஹாச்சி. மருகமே ராணுவப் பிரிவில் இருந்தவர். 1889இல் கோதோஹிராவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக் கணவாயில் சோறு தின்னும்போது, காகங்கள் இறக்கையை அடிக்காமலே சறுக்கி வருவதைக் கவனித்தார். 1891 ஏப்ரலில், ரப்பர் முறுக்கில் சுற்றும் விசிறி வைத்த காக வடிவ மாதிரி விமானத்தை மருகமேயில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்களுக்கு 12 வருடம் முன்னால். ஆள் ஏறும் அளவுக்குச் செய்ய ராணுவத்திடம் உதவி கேட்டார், மறுத்துவிட்டார்கள். சொந்தக் காசு சேர்த்து முடிப்பதற்குள் ரைட் சகோதரர்கள் பறந்த செய்தி வந்துவிட்டது, கைவிட்டார். அப்புறம் விமான விபத்துகளில் ஆட்கள் சாவதைப் பார்த்து, 1915இல் கியோத்தோ பக்கம் யவாத்தாவில் தன் இடத்திலேயே விமானங்களுக்கு ஒரு கோயில் கட்டி, பூசாரியாகவும் இருந்தார். ஹிகோ ஜின்ஜா, பறக்கும் கோயில் என்று சொல்லலாம். நான் போயிருக்கிறேன். தோரி வாயில் உலோகத்தில் பளபளக்கும்.

எனக்கு அந்தக் காகத்தின் மேல்தான் அதிகப் பக்தி.

தகமத்சு தங்கம்

கண்ணன், அந்தக் கணவாய் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை, எனக்கே தெரியாது!

@முத்துநகரான் தாயத்து வாங்கும்போது மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கேளுங்கள். இந்தக் கோயிலுக்கே உரியது. மஞ்சள் கிழங்கில் சாயம் ஏற்றிய நூல். பையைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. ஒரு வருடம் ஆனதும் கோயிலில் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்குவது வழக்கம்.

சாப்பாடு பற்றி யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க உதோன் கடைதான், தடித்த கோதுமை நூடுல்ஸ். அம்மா சைவம் என்றால் கவனம்: இந்தப் பக்கத்துச் சாறு ‘இரிகோ’வில் செய்வது, அதாவது நெத்திலிக் கருவாடு.

முத்துநகரான்

அம்மா தூத்துக்குடிக்காரர், அக்கா. நெத்திலி என்றால் இன்னும் ஒரு கிண்ணம் கேட்பார்.

---

முத்துநகரான்

எல்லோருக்கும் நன்றி, போய்விட்டு வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டாக்சி பேச்சை எடுத்ததும் அம்மா முறைத்தார். நேர்ந்துகொண்டு கார் ஏறிப் போவார்களா என்றார். சரி என்று கம்பு இரவல் வாங்கினோம். முதல் படியிலேயே செருப்பைக் கழற்றப் போனார், கடைக்காரப் பாட்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லை, ஆனாலும் ஐந்து நிமிடம் பேசினார்கள். முழங்காலைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றோம். மிட்டாய்க் குடைகளைப் பார்த்தோம், வாத்தியார் சார், சுத்தியலை நானும் வைத்துக்கொண்டேன். புரொப்பல்லர் முன்னால் படம் எடுத்தாயிற்று. நாய்ச் சிலையின் தலையை அம்மா தடவிக்கொடுத்தார்.

628இல் ஏட்டுச்சுவடி சொன்னது அப்படியே நடந்தது. மண்டபத்தைப் பார்த்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தம்பி பேரைச் சொல்லி வேண்ட ஆரம்பித்துவிட்டார். இது இல்லை, இன்னும் மேலே என்று நான் சொல்லவில்லை. முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் சொன்னதும், "இருந்தால் என்ன, இவரும் கேட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

கடைசி 133 படிக்கு அரை மணி நேரம். பாதியில் ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து, ஒன்றும் பேசாமல் அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு மேலே வரை ஏறினான். மேலே போய் அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடிவிட்டான், நன்றி சொல்லக்கூட விடவில்லை.

மேலேயிருந்து சமவெளி முழுக்கத் தெரிகிறது. நடுவில் குட்டி ஃபூஜி மலை மாதிரி கூம்பாக ஒரு குன்று, சானுகி ஃபூஜியாம். அதற்கு அப்பால் ஒரு வெள்ளிக் கோடாகக் கடல். அம்மா சாமியைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

தாயத்தைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். "மஞ்சள்தானே" என்றார். கைப்பையைத் திறந்து ஒரு முடிச்சை எடுத்துக் காட்டினார். தம்பி கிளம்பிய அன்றைக்குத் திருச்செந்தூருக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு. எனக்கு இதுவரை தெரியாது. அதையும் இதையும் சேர்த்து ஒரே பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது ஒரே சிக்கல். தம்பி கப்பல் ஏறி மூன்று வாரமாகிறது, அடுத்து பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகத்துக்குப் போகிறதாம். தாயத்தை எப்படி அவனிடம் சேர்ப்பது? அம்மா தினமும் கேட்கிறார்.

கப்பல்காரன்

ஏஜென்ட் மூலம் கூரியரில் அனுப்பாதீர்கள், பாதி நேரம் கப்பல் கிளம்பிய பிறகுதான் பார்சல் துறைமுகத்துக்கு வரும். கம்பெனி ஆபீசில் கேளுங்கள், அந்தக் கப்பலில் அடுத்து யார் ஜாயின் பண்ணுகிறார் என்று சொல்வார்கள். நம் ஊர் ஆளாக இருந்தால் அவர் பையில் போட்டு அனுப்பிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

ஏட்டுச்சுவடி

பீப்பாய்!

முத்துநகரான்

ஆபீசில் கேட்டுவிட்டேன். பதினைந்து நாளில் ஒரு மோட்டார்மேன் போகிறாராம், ஊர் ராமநாதபுரம். பேசினேன், சரி என்றார். அம்மா ஊருக்குப் போனதும் நேரில் கொடுத்துவிடுவார். "தாயத்து மட்டும்தானே" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அம்மா இப்போதே ஊறுகாய் ஜாடி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கப்பல்காரன்

ஊறுகாய் என்றால் இரண்டு கவர் போட்டு, மேலே டேப் சுற்றச் சொல்லுங்கள். கப்பல் பேர், தம்பி பேர், ரேங்க் மூன்றையும் எழுதி ஒட்டவேண்டும். தாயத்தை அதே கவரில் வைக்கவேண்டாம்.